கிழட்டு உலைகளும் புது லைசென்ஸும்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் இருக்கும் பாலிசேட்ஸ் அணுமின் நிலையத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். 2022-இல் நிரந்தரமாக மூடிய உலைக்கு 2025-இல் மறுபடி இயங்க அனுமதி கொடுத்த செய்தி. அதற்கு வந்த கடிதங்களில் பாதி, திட்டு. மீதியில் நல்ல கேள்விகள் இருந்தன. அவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் அணுசக்தித் துறையில் வேலை பார்த்தவள் கிடையாது. திருச்சிப் பக்கம் கொதிகலன் செய்கிற ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். எஃகை உடைத்துப் பார்ப்பதுதான் சம்பளத்துக்குச் செய்த வேலை. அந்தக் கண்ணோடுதான் இந்த விஷயத்தையும் பார்க்கிறேன்.

மேடம், நான் போக்குவரத்துக் கழகத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். 15 வருடம் ஆன அரசு வண்டிகளின் பதிவை ரத்து செய்து உடைக்கக் கொடுக்கிறார்கள். 40 வருடத்துக்கு லைசென்ஸ் வாங்கிய அணு உலையை மட்டும் 60, 80 என்று நீட்டிக்கொண்டே போகிறார்களே, பஸ்ஸை விட உலை என்ன உசத்தி?
– வாசகர், திருநெல்வேலி

பஸ்ஸுக்கு 15 என்பது ஒவ்வொரு வண்டியின் சேஸிஸையும் குனிந்து பார்த்துச் சொன்ன கணக்கா? உங்களுக்கே தெரியும். உலைக்கு 40 என்பதும் அப்படி வந்ததுதான்.

1954-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அணுசக்திச் சட்டம் கொண்டுவந்தபோது, வணிக உலைக்கு அதிகபட்சம் 40 வருட லைசென்ஸ் என்று எழுதிவிட்டார்கள். அப்போது அந்த நாட்டில் ஒரு வணிக அணுமின் நிலையம்கூட ஓடவில்லை. எஃகு எத்தனை வருடம் தாங்கும் என்று யாருக்கும் அனுபவம் கிடையாது. போட்ட பணம் திரும்ப எத்தனை காலம் ஆகும், ஒரே கம்பெனி சந்தையை வளைத்துப் போடாமல் இருக்க எவ்வளவு காலம் கொடுக்கலாம் என்ற யோசனையில் பிறந்த எண் அது. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையமே இதை மறைக்காமல் சொல்கிறது.

ஆனால் சட்டத்தில் 40 என்று வந்த பிறகு, வடிவமைத்த பொறியாளர்கள் சில பாகங்களுக்கு அந்த 40-ஐ வைத்தே கணக்குப் போட்டார்கள். ஒரு குழாய் எத்தனை தடவை சூடேறி ஆறலாம், எரிபொருள் இருக்கும் எஃகுக் கலனின் சுவர் மொத்தம் எவ்வளவு நியூட்ரான் வாங்கலாம் என்றெல்லாம். அதனால் ‘40 வெறும் காகித எண்’ என்று உலைக்காரர்கள் சொன்னால் அது முக்கால் உண்மைதான். நீட்டிப்பு கேட்கும்போது அந்தக் கணக்குகளை 60-க்கோ 80-க்கோ திரும்பப் போட்டுக் காட்ட வேண்டும்.

முதலில் 20 வருட நீட்டிப்பு வாங்கியது மேரிலாந்தின் கால்வர்ட் கிளிஃப்ஸ், 2000-இல். 80 வரைக்கும் முதலில் வாங்கியது மயாமிக்குத் தெற்கே உள்ள டர்க்கி பாயின்ட், 2019 டிசம்பரில். அதற்கும் ஒரு கதை நடந்தது. சுற்றுச்சூழல் ஆய்வு 60 முதல் 80 வரையான காலத்துக்குப் போதாது என்று 2022-இல் ஆணையமே தன் முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, ஆய்வை மறுபடி செய்தபின் 2024-இல்தான் திருப்பிக் கொடுத்தது.

பஸ்ஸில் இன்ஜின், கியர்பாக்ஸ், டயர் எல்லாம் மாற்றலாம், சேஸிஸை மட்டும் மாற்ற மாட்டீர்கள் இல்லையா? உலையிலும் டர்பைன், பம்பு, கேபிள், உலையின் சூட்டில் நீராவி தயாரிக்கும், நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள நீராவி ஆக்கி வரை மாற்றிவிடுகிறார்கள். மாற்ற முடியாதவை இரண்டு: எரிபொருள் உட்காரும் அழுத்தக் கலன், அதைச் சுற்றியுள்ள கான்கிரீட். ஆராய்ச்சிப் பணத்தில் பெரும்பகுதி இந்த இரண்டின் பின்னால்தான் போகிறது.

நியூட்ரான் பட்டால் எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும் என்று படித்தேன். ஓடுகிற உலையின் கலனை வெட்டி எடுத்துச் சோதிக்க முடியாதே. பிறகு எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?
– இயற்பியல் மாணவி, நாகர்கோவில்

இது எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளம்மா.

நாங்கள் செய்த சோதனைக்கு சார்பி என்று பெயர். 55 மி.மீ. நீளம், 10 மி.மீ. சதுரம் உள்ள சிறிய எஃகுத் துண்டு. நடுவில் 2 மி.மீ. ஆழத்துக்கு வி வடிவில் ஒரு வெட்டு. துண்டைக் குளிர்ந்த தொட்டியில் வைத்து, இடுக்கியால் எடுத்த ஐந்து நொடிக்குள் தாங்கியில் வைத்து, மேலே தூக்கி மாட்டியிருக்கும் கனமான சுத்தியலை விடுவிக்க வேண்டும். நேரம் தாண்டினால் துண்டு சூடாகிவிடும், அந்த அளவீடு வீண். நல்ல பதத்தில் இருக்கும் எஃகு ‘தொப்’ என்று அடி வாங்கி வளைந்து, சில சமயம் முழுசாக உடையாமல் தொங்கிக்கொண்டே வரும். உடைந்த முகம் மங்கலாக, நார் நாராக இருக்கும். அதே எஃகைப் போதுமான அளவு குளிரவைத்து அடித்தால் ‘டங்’ என்று சுத்தமாக இரண்டாகி எதிர்ச் சுவர் வரை பறக்கும். முகம் சர்க்கரைப் படிகம்போல் மினுமினுக்கும். வளையும் குணத்திலிருந்து நொறுங்கும் குணத்துக்கு எஃகு எந்த வெப்பநிலையில் மாறுகிறது என்று பார்ப்பதுதான் இந்த வேலை.

புதுக் கலனின் எஃகுக்கு அந்த வெப்பநிலை வழக்கமாக அறை வெப்பத்துக்கும் கீழே இருக்கும். உலை ஓடுவது 290 டிகிரி செல்சியஸ் பக்கத்தில், அதனால் கவலை இல்லை. வேக நியூட்ரான்கள் அணுக்களை இடம்பெயர்த்துத் தள்ளத் தள்ள, இந்த மாறும் வெப்பநிலை மேலே ஏறுகிறது. அழுத்த நீர் உலைகளுக்கு (நீர் கொதிக்காதபடி அழுத்தத்தில் வைத்திருக்கும் வகை) அமெரிக்கா போட்ட எல்லைக்கோடு, கலனின் தகடுகளுக்கும் நெடுக்கு வெல்டுகளுக்கும் 132 டிகிரி. அதைத் தாண்டும் என்று கணக்கு காட்டினால் தனியாக விளக்கம் சொல்லியாக வேண்டும்.

ஏற்றத்தில் பெரிய வில்லன் செம்பு. அது எஃகுக்குள் எப்படி வந்தது தெரியுமா? 1960-களில் வெல்டிங் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேல் செம்பு பூசினார்கள். அந்தப் பூச்சு அப்படியே உருகி வெல்டுக்குள் போய்விட்டது. நியூட்ரான் பட்டதும் அந்தச் செம்பு அணுக்கள் நானோமீட்டர் அளவில் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து எஃகை விறைக்க வைக்கின்றன. துருவுக்குப் பயந்து செய்த நல்ல காரியம், ஒரு தலைமுறை கழித்துக் கலனின் வயதைத் தின்கிறது. எனக்கு இதைவிட உறுத்தும் கதை இந்தத் துறையில் இல்லை.

சரி, உன் கேள்விக்கு வருவோம். உலை கட்டும்போதே, கலன் செய்த அதே தகட்டிலிருந்தும் வெல்டிலிருந்தும் சார்பி துண்டுகள் வெட்டி, ஒரு பெட்டிக்குள் அடைத்து, கலனின் உட்சுவருக்கும் எரிபொருளுக்கும் நடுவில் தொங்கவிடுவார்கள். எரிபொருளுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருப்பதால் பெட்டிக்குள் இருக்கும் துண்டு சுவரைவிட வேகமாக வயதாகும். சில வருடத்துக்கு ஒரு பெட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தால், சுவர் வருங்காலத்தில் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரியும். அழகான ஏற்பாடு. சிக்கல் என்னவென்றால், பெட்டிகளை 40 வருடத்துக்கென்று எண்ணி வைத்தார்கள். 80 வருடத்துக்கு எங்கே போவது?

இங்கேதான் இப்போதைய ஆராய்ச்சி நடக்கிறது. உடைத்த துண்டுகளின் பாதிகளை மறுபடி வெல்டு செய்து துண்டாக்குகிறார்கள், பெட்டிகளைத் திருப்பி உள்ளே வைக்கிறார்கள். இன்னொரு வழி, மூடிய உலைகளை அறுப்பது. சிகாகோ அருகே சயான் நிலையம் 1998-இல் மூடப்பட்டது. அதன் கலன் சுவரிலிருந்தே துண்டு எடுத்து ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் சோதித்தார்கள், கேபிள்களையும் சேர்த்து. ஸ்வீடனின் பார்செபெக் உலையின் கலனிலிருந்தும், ஸ்பெயினின் சொரீட்டா உலையில் கலனுக்குள் இருந்த பாகங்களிலிருந்தும் இப்படி எடுத்திருக்கிறார்கள். இந்தத் துண்டுகளுக்கு என் மதிப்பீட்டில் தங்கத்தைவிட விலை அதிகம், ஏனென்றால் ஒரு உலையின் கலன் நிஜமாக வாழ்ந்த வாழ்க்கை அதில் இருக்கிறது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஓடெட் என்ற விஞ்ஞானி 1990-களிலேயே ஒரு எச்சரிக்கை விட்டார். செம்பு குறைவான எஃகிலும் நிக்கல், மாங்கனீசு, சிலிக்கன் மூன்றும் நீண்ட காலத்துக்குப் பிறகு தாமதமாகக் கூட்டம் சேரக்கூடும் என்று. பல வருடம் கழித்து அணு அளவில் படமெடுக்கும் கருவிகளில் அந்தக் கூட்டங்களைக் கண்டார்கள். ஆக, 40 வருடத் தரவுகளில் கோடு போட்டு அதையே 80 வரைக்கும் நீட்டினால் கோடு நடுவில் வளையலாம்.

அப்புறம், நொறுங்கும் கலன் தானாக உடையாது. அதிரடியாகக் குளிர வேண்டும், அதே நேரம் உள்ளே அழுத்தமும் இருக்க வேண்டும். அப்படி நடக்குமா என்றால், நடந்திருக்கிறது. 1978 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் ராஞ்சோ செகோ நிலையத்தில் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு சின்ன விளக்கு பல்பை மாற்றும்போது அது கை நழுவி உள்ளே விழுந்தது. ஷார்ட் சர்க்யூட். கருவிகள் தப்பும் தவறுமாகக் காட்ட, உலைக்குள் குளிர்நீர் கொட்டி, சுமார் ஒரு மணி நேரத்தில் 165 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் இறங்கியது, அழுத்தமோ குறையவில்லை. கலன் புதுசு, தாங்கிக்கொண்டது. அந்த பல்பு விழுந்தபிறகுதான் ஆணையம் இந்த ஆபத்துக்கென்று தனி விதியே எழுதியது.

மாசசூசெட்ஸின் யாங்கி ரோ உலை இந்தக் கேள்வியில்தான் தோற்றது. லைசென்ஸ் நீட்டிப்புக்கு முன்மாதிரியாக இருக்கட்டும் என்று தேர்ந்தெடுத்த உலை அது. கலன் எவ்வளவு நொறுங்கும் நிலைக்குப் போயிருக்கிறது என்று நிரூபிக்க முடியாமல் 1991-இல் நிறுத்தி, அப்படியே மூடிவிட்டார்கள்.

விறைத்த எஃகைத் திருப்ப வழியும் உண்டு: சூடாக்கிப் பதப்படுத்துவது. கலனைக் காலி செய்து, உள்ளே சூடேற்றியை இறக்கி 475 டிகிரி பக்கத்தில் சில நாட்கள் வைத்தால் இழந்த குணத்தில் பெரும்பகுதி திரும்பி வரும். பின்லாந்தின் லோவீசா உலைக்கு 1996-இல் செய்தார்கள், ஆர்மீனியாவில் 2021-இல். அமெரிக்காவில் எந்த வணிக உலைக்கும் செய்ததில்லை.

கோவையில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். தியரி போதும், மேடம். நிஜத்தில் எது உடைந்தது?
– வாசகர், கோவை

பட்டறைக்காரர் கேட்கிற கேள்வி. பெரும்பாலும் கலன் இல்லை. யாரும் டார்ச் அடித்துப் பார்க்காத இடம்.

ஒஹையோ மாநிலத்தில் ஈரி ஏரிக் கரையில் டேவிஸ்-பெஸ் என்று ஒரு நிலையம். 2002 மார்ச். கலனின் மூடியில் கட்டுப்பாட்டுத் தண்டுகள் நுழையும் குழல்களில் விரிசல் இருந்தது. பழுது பார்க்க ஒரு குழலில் வேலை செய்துகொண்டிருந்தபோது அந்தக் குழல் சாய்ந்துவிட்டது! சாய முடியாத பொருள் அது. ஏனென்றால் அதைச் சுற்றி 16 செ.மீ. கனத்துக்கு எஃகு இருக்க வேண்டும். இருக்கவில்லை. மூடியில் ஒரு பெரிய குழி. உள்ளே மிச்சம் இருந்தது ஸ்டெயின்லெஸ் பூச்சு மட்டும், ஒரு செ.மீ.கூடக் கனம் இல்லை. 150 வளிமண்டல அழுத்தத்தை அந்தத் தகடுதான் தாங்கிக்கொண்டிருந்தது, வெளிப்பக்கம் கொஞ்சம் உப்பியும் இருந்தது.

காரணம் போரிக் அமிலம். வினையைக் கட்டுப்படுத்த உலை நீரில் போரான் கலந்திருப்பார்கள். விரிசல் வழியே கசிந்த நீர் ஆவியாகி, அமிலம் மட்டும் மூடியின் மேல் கெட்டியாகச் சேர்ந்து, வருடக்கணக்கில் எஃகைத் தின்றிருக்கிறது. சத்தமில்லாமலா? அதுதான் இல்லை. கட்டடத்துக்குள் காற்றைச் சோதிக்கும் கருவியின் வடிகட்டிகள் துருவும் அமிலத் தூளும் அடைத்து அடிக்கடி மாற்ற வேண்டி வந்தது. 2000-ஆம் ஆண்டு எடுத்த புகைப்படத்தில் மூடியின் துவாரங்களிலிருந்து செந்நிறமாக வழிந்து கிடக்கிறது. பட்டறையில் ஒரு ஹெல்பர் அந்தப் படத்தைப் பார்த்தால்கூட “அண்ணே, இது துரு” என்பான். அதற்கும் மேல், 2001 டிசம்பர் 31-க்குள் நிறுத்திப் பார்க்கவேண்டும் என்று ஆணையத்தில் பேச்சு வந்தபோது, நிறுவனம் 2002 பிப்ரவரி வரை நேரம் வாங்கிக்கொண்டது.

இந்த உலை ஓடத் தொடங்கியது 1977-இல். அதாவது குழி கண்டுபிடித்தபோது வயது 25-ஐ எட்டவில்லை. 40 வருட லைசென்ஸில் பாதிக்குக் கொஞ்சம் மேல். இதே நிலையம் 2015-இல் 2037 வரைக்கும் நீட்டிப்பு வாங்கியது என்பது உங்களுக்குக் கோபம் வர வைக்கலாம். எனக்கும் முதலில் வந்தது.

இரண்டாவது, ஜப்பானின் மிஹாமா. 2004 ஆகஸ்ட் 9 அன்று மூன்றாவது உலையின் டர்பைன் கட்டடத்தில் ஒரு குழாய் வெடித்து, சூடான நீராவியில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள், ஆறு பேர் காயப்பட்டார்கள். கதிர்வீச்சு கிடையாது, வெறும் நீராவி. 10 மி.மீ. கனமாக இருந்த குழாய் ஒன்றரை மி.மீ.க்கும் கீழே தேய்ந்திருந்தது. வேகமாக ஓடும் நீர் உள்சுவரைக் கரைத்துக்கொண்டே போகும், அதுவும் ஓட்டத்தை அளக்கும் துவாரத் தகட்டுக்கு அடுத்த இடத்தில் அதிகம். இது தெரியாத ஆபத்து இல்லை. 1986-இலேயே வர்ஜீனியாவின் சர்ரி நிலையத்தில் இதே முறையில் குழாய் வெடித்து நாலு பேர் செத்திருந்தார்கள். மிஹாமாவில் அந்த இடம் பரிசோதனைப் பட்டியலிலேயே விட்டுப்போயிருந்தது. 1976-இல் உலை ஓட ஆரம்பித்த நாளிலிருந்து 2004 வரைக்கும் ஒரு தடவைகூட அங்கே அல்ட்ராசோனிக் கருவி வைத்துக் கனம் பார்த்ததில்லை. அறையில் ஆட்கள் இருந்தது, சில நாளில் தொடங்கவிருந்த பராமரிப்புக்குச் சாமான்களை எடுத்துவைக்க.

நான் வேலை பார்த்த காலத்தில் பட்டியலைத் தயாரிப்பவனை யாரும் மதிக்க மாட்டார்கள். வெல்டர், டெஸ்டர், டிசைன் எல்லோருக்கும் ஒரு கெத்து உண்டு. பட்டியல் ‘குமாஸ்தா வேலை’. மிஹாமாவுக்குப் பிறகு நான் அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன்.

நீட்டிப்பால் கெட்டது மட்டும்தான் நடந்தது என்றும் சொல்ல மாட்டேன். நியூயார்க் அருகே இந்தியன் பாயின்ட்டில் எரிபொருளைச் சுற்றியுள்ள தகடுகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை 2016-இல் சோதித்தார்கள். 832 போல்ட்டில் 227 பழுது. அந்தச் சோதனையையே செய்தது, லைசென்ஸ் நீட்டிப்புக்கு நிறுவனம் கொடுத்த வாக்குறுதியின் ஒரு பகுதியாகத்தான். நீட்டிப்பு கேட்காமல் இருந்திருந்தால் யார் போய்ப் பார்த்திருப்பார்கள்?

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் அணு உலைக்கு ஆதரவா, எதிர்ப்பா?
– வாசகர், தூத்துக்குடி

பழைய உலையை ஓட்டுவதற்கு நான் எதிரி இல்லை. பிறந்த தேதியை வைத்து ஓட்டலாம் என்பவர்களுக்கும் எதிரி, மூடு என்பவர்களுக்கும் எதிரி. ஒரு உலையைப் பற்றி என்னிடம் யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இதுவரை யாரும் கருவி வைத்துப் பார்க்காத இடங்களின் பட்டியல் உங்களிடம் இருக்கிறதா? ‘அப்படி எதுவும் இல்லை’ என்று பதில் வந்தால் எனக்கு வயிறு கலங்கும். ‘இதோ இந்தப் பதினைந்து இடம், இந்தக் காரணத்தால் போக முடியவில்லை’ என்று ஒருவர் காகிதத்தை நீட்டினால் அவர் உலைக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொள்ள எனக்குச் சம்மதம்.

அம்மா, நாங்கள் ஏஜாக்ஸ் நகரில் இருக்கிறோம். பக்கத்திலேயே பிக்கரிங் அணுமின் நிலையம். சில வருடங்களுக்கு முன்னர், உலையில் விபத்து நடந்தால் விழுங்கச் சொல்லி வீட்டுக்கு அயோடின் குளிசை அனுப்பினவை. இப்ப அந்த உலைகளைத் திருத்தி இன்னும் பல வருடம் ஓட்டப்போகினமாம். கல்பாக்கத்திலும் இதே மாதிரி உலை என்று மகன் சொல்கிறான். உண்மையோ?
– வாசகி, கனடா

மகன் சொல்வது சரி. இரண்டும் ஒரே குடும்பம். கனடாவின் வடிவமைப்பிலிருந்து வந்த கனநீர் உலைகள். நான் மேலே சொன்ன ஒற்றைப் பெரிய கலன் இவற்றில் கிடையாது. அதற்குப் பதில், எரிபொருள் நூற்றுக்கணக்கான சிர்கோனியம் குழாய்களில் படுக்கை வாட்டில் இருக்கும். கல்பாக்கத்தில் ஒரு உலைக்கு 306 குழாய். குழாய்களை மாற்றலாம் என்பது இந்தக் குடும்பத்தின் பெரிய வசதி. மாற்றியே தீர வேண்டும் என்பது அதன் தலைவிதி.

என்ன நடக்கிறது என்றால், 300 டிகிரி அருகே இருக்கும் அழுத்தக் குழாய், அதைச் சுற்றி ஒரு குளிர்ந்த வெளிக்குழாய், இரண்டும் ஒட்டாமல் இருக்க நடுவில் வளையமாகச் சுருள் கம்பிகள். வருடங்கள் போகப் போக அழுத்தக் குழாய் நீண்டு, தொய்ந்து வரும். சுருள் கம்பி இடம் நகர்ந்திருந்தால் குழாய் வெளிக்குழாயைத் தொட்டுவிடும். தொட்ட இடம் குளிர்ந்துபோகும். உலோகத்துக்குள் இருக்கும் ஹைட்ரஜன் குளிர்ந்த இடத்தைத் தேடி ஓடிவந்து கொப்புளமாகக் கட்டும், கொப்புளத்தில் விரிசல் விடும். உங்கள் பிக்கரிங்கில் 1983 ஆகஸ்ட் 1 அன்று இரண்டாவது உலையின் ஒரு குழாய் இப்படித்தான் சுமார் 2 மீட்டர் நீளத்துக்குப் பிளந்தது. உலை ஓட ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஆபரேட்டர்கள் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள், ஆனால் அந்தக் குழாய் செய்த சிர்கோனியக் கலப்பு உலோகத்தின் கதை அன்றோடு முடிந்தது. பிறகு எல்லோரும் நியோபியம் கலந்த சிர்கோனியத்துக்கு மாறினார்கள்.

கல்பாக்கத்தின் முதல் உலை 1984 ஜனவரியிலும் இரண்டாவது 1986-லும் வணிக உற்பத்தி தொடங்கின. 1980-களின் கடைசியில் கனநீர் நுழையும் பாகம் உள்ளே உடைந்துபோய், 170 மெகாவாட் அளவுக்குக் குறைத்தே பல வருடம் ஓட்டினார்கள். 2002-க்கும் 2006-க்கும் நடுவில் இரண்டு உலைகளிலும் அத்தனை குழாய்களையும் கழற்றிப் புது உலோகக் குழாய் போட்டு, அந்த உடைந்த பாகத்துக்கும் மாற்று வழி செய்து, திரும்ப 220-க்குக் கொண்டுவந்தார்கள். கதிர்வீச்சுள்ள இடத்தில், தூரத்திலிருந்து கருவி ஓட்டிச் செய்த வேலை. வெல்டிங் தெரிந்தவர்கள் அதைக் கேட்டால் தொப்பியைக் கழற்றுவார்கள்.

புதுக் குழாய் போட்டால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். குஜராத்தின் கக்ராபார் முதல் உலையில் 2016 மார்ச் 11 அன்று ஒரு குழாய் கசிந்தது. அந்த உலையும் குழாய் மாற்றி 2011-இல்தான் திரும்ப ஓடத் தொடங்கியிருந்தது. அதாவது குழாய்க்கு வயது ஐந்து. வெளிப்பக்கம், இரண்டு குழாய்களுக்கும் நடுவில் ஓடும் கார்பன் டை ஆக்சைடு வாயுவில் கலந்திருந்த மாசு, குழாயின் வெளித்தோலில் முடிச்சு முடிச்சாக அரிப்பை உண்டாக்கியிருந்தது. எல்லோரும் குழாயின் உட்புறத்தைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்தியாவில் 40 வருட லைசென்ஸ் என்ற முறை இல்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அதிகபட்சம் ஐந்து வருடத்துக்கு அனுமதி தரும், பத்து வருடத்துக்கு ஒருமுறை முழுப் பரிசீலனை. பிரான்ஸிலும் பத்து வருடப் பரிசீலனைதான். எனக்கு அமெரிக்க முறையைவிட இது பிடித்திருக்கிறது. ஒரு குறை, அமெரிக்காவில் ஒரு நிலையத்தின் நீட்டிப்பு விண்ணப்பத்தை நானே வீட்டில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படிக்க முடிகிறது. இங்கே அந்த வசதி அந்த அளவுக்கு இல்லை.

பிக்கரிங்கில் பழைய 1, 4 எண் உலைகள் 2024-இல் நின்றுவிட்டன. புதுப்பிக்கப்போவது 5 முதல் 8 வரை. பக்கத்து டார்லிங்டனில் ஒரு உலைக்கு 480 குழாய் வீதம் மாற்றிப் பழகிய கை இருக்கிறது, அது நல்ல விஷயம். குளிசையின் காலாவதித் தேதியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கான்கிரீட்டுக்கு என்ன கேடு வரும்? கல்லணை நிற்கவில்லையா?
– சிவில் இன்ஜினியர், தஞ்சாவூர்

கல்லணைக்குள் கம்பி இல்லை, இன்ஜினியர் சார். கம்பி ஒருபக்கம் இருக்கட்டும், சிமென்ட்டும் ஜல்லியுமே ஒன்றையொன்று கெடுக்கும். நியூ ஹாம்ப்ஷயரின் சீப்ரூக்கில் நிலத்தடி நீர் கசிந்து, சிமென்ட்டின் காரமும் ஜல்லியில் இருந்த சிலிக்காவும் சேர்ந்து கூழாகி, வீங்கி, சுவரெல்லாம் மயிரிழை விரிசல். இருபது வயதுக் கட்டடம். தொடர்ந்து அளந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 2019-இல் நீட்டிப்பு கொடுத்தார்கள். ஃப்ளோரிடாவின் கிரிஸ்டல் ரிவரில் கதை வேறு. நீராவி ஆக்கியை மாற்ற 2009-இல் கட்டடச் சுவரில் வழி வெட்டினார்கள். சுவரை இறுக்கிப் பிடித்திருக்கும் இழுகம்பிகளைத் தளர்த்தி வெட்டும்போது சுவர் உள்ளுக்குள்ளேயே ஏடாகப் பிரிந்துவிட்டது. ஒட்டப்போனால் இன்னொரு இடத்தில் பிரிந்தது. 2013-இல் கடையைக் கட்டிவிட்டார்கள். ஆயுளை நீட்டச் செய்த வேலையே ஆயுளை முடித்தது.

20 வருட நீட்டிப்பு கிடைத்துவிட்டால் அந்த 20 வருடமும் ஓடும் என்றுதானே அர்த்தம்?
– வங்கி ஊழியர், மதுரை

லைசென்ஸ் என்பது ஓட்ட அனுமதி, ஓட்டியாக வேண்டும் என்ற உத்தரவு கிடையாது. விஸ்கான்சினின் கிவானி நிலையம் 2011 பிப்ரவரியில் 2033 வரைக்கும் நீட்டிப்பு வாங்கி, 2013 மே மாதம் மூடியது. இயற்கை எரிவாயு மலிவாகிவிட்டது, கணக்கு கட்டவில்லை, அவ்வளவுதான். வெர்மான்ட் யாங்கி 2032 வரைக்கும் வாங்கி, 2014 கடைசியில் மூடியது. கலிஃபோர்னியாவின் சான் ஓனோஃப்ரே இன்னும் பாவம். புத்தம் புது நீராவி ஆக்கிகளைப் போட்டார்கள், உள்ளே குழாய்கள் அதிர்ந்து ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து 2012 ஜனவரியில் கசிந்தது, 2013-இல் இரண்டு உலைகளும் நிரந்தரமாக மூடல். பழைய ஆக்கிகளோடு சேர்த்து உலையையே கழித்துக் கட்டியது போல ஆயிற்று.

இப்போது காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. கணினி மையங்களுக்கு மின்சாரம் வேண்டும் என்று பழைய உலைகளைத் தேடிப்பிடித்துத் திறக்கிறார்கள். பாலிசேட்ஸில் நீராவி ஆக்கியின் குழாய்களில் விரிசல்கள் கண்டு உள்ளே உறை செருகிச் சரிசெய்தார்கள். அதன் கலன், அமெரிக்காவிலேயே அதிகம் விறைத்தவற்றில் ஒன்று என்று பல வருடமாகப் பேசப்படுவது. உங்கள் வங்கி அதற்குக் கடன் கொடுக்குமா என்று மேனேஜரைக் கேட்டு எழுதுங்கள். அவர் என்ன ஜாமீன் கேட்பார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.